ஒருகொடவத்தையில் ஓர் இரும்புக்கடை

மருமகனே,

உமது திட்டம் கிடைத்தது. பதினெட்டுப் பக்கம், வர்ணப் படங்கள் வேறு. கடைக்கு முன்னால் லொறி நிற்கிறது, லொறிக்கு முன்னால் நீர் நிற்கிறீர், உமக்குப் பின்னால் சூரியன் உதிக்கிறது. வங்கிக்காரனுக்குப் பிடிக்கும். ஒருகொடவத்தைச் சந்தி துறைமுகத்துக்குக் கிட்ட, கண்டெய்னர் யார்டுகளுக்கு நடுவில், பேஸ்லைன் வீதியில் போக்குவரத்துக்குக் குறைவில்லை, ஆகவே ஹாட்வெயார் கடைக்கு இதைவிட நல்ல இடம் கொழும்பில் கிடையாது என்று எழுதி, கீழே என் அபிப்பிராயத்தையும் கேட்டிருக்கிறீர்.

நான் பழைய சோனகத் தெருவில் ஓர் இரும்புக்கடையில் பதினான்கு வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். ஆணி, கம்பி, தகரம், பிணைச்சல், சங்கிலி, மண்வெட்டி என்று எதை நிறுத்தாலும் எழுதினவன் நான். அந்தக் கடை வாசலில் ஓர் அரை அந்தர்க் கல் இருந்தது. ஐம்பத்தாறு இறாத்தல் வார்ப்பிரும்பு, மேலே கைபிடி, பக்கத்தில் அரசாங்க முத்திரை. அதற்குக் கீழே முதலாளியின் தகப்பன் உளியால் கொத்திய ‘மு’ என்ற எழுத்து. கிலோக்கணக்கு வந்த பிறகு தராசில் அதற்கு வேலையில்லாமல் போய், கதவு காற்றில் அடிக்காமல் பிடித்துக்கொண்டு இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உமது திட்டத்தில் 14ஆம் பக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தலைப்பு ‘அபாயங்கள்’. தீ, வெள்ளம், திருட்டு என்று மூன்றைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே காப்புறுதி என்று எழுதியிருக்கிறீர். ஒன்றை விட்டுவிட்டீர், அரசாங்கம். அதற்கும் காப்புறுதி உண்டு, பயப்படாதேயும். இந்த நாட்டில் தீக்காப்புறுதி எடுத்தால் அது அடுப்புத் தீக்கும் மின்சாரத் தீக்கும்தான். கும்பல் வைக்கும் தீக்கு, ‘வேலைநிறுத்தம், கலவரம், உள்நாட்டுக் குழப்பம், பயங்கரவாதம்’ என்று தனியான கட்டணம் கட்டவேண்டும். அந்த நிதியத்தை நடத்துவது யார் தெரியுமா? அரசாங்கம்தான். வீட்டுக்கு நெருப்பு வைப்பவனைப் பார்த்துக்கொண்டு நின்ற காவல்காரன், மறுநாள் கதவைத் தட்டி நெருப்புக்கு எதிரான சந்தா புத்தகத்தை நீட்டுகிறான். உலகத்தில் எத்தனையோ வியாபாரம் பார்த்திருக்கிறேன், இதைப்போல நட்டமில்லாத வியாபாரத்தைப் பார்த்ததில்லை. நீர் இரும்பை விட்டுவிட்டு இதைத் தொடங்கலாம், ஆனால் அதற்கு அனுமதிப்பத்திரம் தரமாட்டார்கள்.

பேஸ்லைன் வீதிப் போக்குவரத்தை எனக்குத் தெரியும். 1983 ஜூலை 24 இரவு பொரளை கனத்தை மயானத்தடியில் கிளம்பிய போக்குவரத்து அது. மறுநாள் காலை புறக்கோட்டைக்கு வந்துவிட்டது. கையில் தடி, பெற்றோல் போத்தல், வாக்காளர் இடாப்பு. இந்த நாட்டில் எந்தத் திணைக்களத்தின் இடாப்பும் அவ்வளவு சுத்தமாகப் பயன்பட்டதில்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூட அனுமதி கேட்டுப் போனால் உம்முடைய பெயர் அதில் இராது, அன்றைக்கு ஒருவர் பெயரும் தப்பவில்லை. ஊரடங்குச் சட்டம் பிற்பகலில் வந்தது, சாப்பாடு முடிந்த பிறகு வரும் தண்ணீர் மாதிரி. அதே 25ஆந் திகதியும் 27ஆந் திகதியும் அதே வீதியோரத்து வெலிக்கடைச் சிறைக்குள், பூட்டிய கதவுக்குப் பின்னால், அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்த 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்கள். பூட்டு விற்கிறவன் நான் சொல்கிறேன், மருமகனே, பூட்டில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

எங்கள் கடைக்கும் வந்தார்கள். இரும்பு எரியாது என்று நாங்கள் ஓர் அசட்டுத் தைரியத்தில் இருந்தோம். உண்மைதான், இரும்பு எரியவில்லை. ஆணிகள் மூட்டையோடு உருகிக் கட்டியாகி, முள்ளம்பன்றி மாதிரிக் கிடந்தன. எரிந்தது கணக்குப் புத்தகம். பேரேடு, நாளேடு, கடன் கொப்பி எல்லாம். கடன் கொப்பியில் இருந்த பெயர்களை நான் நித்திரையிலும் சொல்லுவேன். அந்தப் பெயர்களில் சில அன்றைக்குத் தெருவில் நின்றன. அவர்களுக்கு இனவெறி என்று எழுதுகிறார்கள் பேராசிரியர்கள். இருக்கலாம். எனக்குத் தெரிந்தவரையில் மூன்று மாதத் தகரக் காசு பாக்கி.

28ஆந் திகதி ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன தொலைக்காட்சியில் வந்தார். அகதி முகாமில் ஒரு பெட்டியைச் சுற்றி நின்று கேட்டோம். எரிந்தவனுக்கு ஓர் அனுதாப வார்த்தை இருக்கவில்லை. பிரிவினை கேட்பதைத் தடைசெய்யச் சட்டம் வருகிறது என்றார். சொன்ன வாக்குத் தவறாமல் ஆகஸ்ட் மாதமே ஆறாவது திருத்தம் வந்தது. தீயணைக்கும் வண்டியும் அவ்வளவு வேகமாக வந்திருந்தால் புறக்கோட்டை மிஞ்சியிருக்கும்.

அதோடு விட்டார்களா? அவசரகால ஒழுங்குவிதியின் கீழ் ரெபியா என்று ஓர் அதிகாரசபை வந்தது. சேதமான ஆதனங்களையும் தொழில்களையும் புனரமைப்பதற்காம். எப்படிப் புனரமைப்பது? சேதமான ஆதனம் எல்லாம் முதலில் அரசாங்கத்துக்குச் சொந்தம். வாசித்துப் பாரும், பகிடி இல்லை, சட்டம். உம்முடைய கடையை எரிக்கிறார்கள், எரிந்த காரணத்தால் அது உம்முடையதல்ல. எரிந்தது என்பதே உறுதி, சாம்பலே கையெழுத்து. பிறகு உம்முடைய கரிச்சுவரை உமக்குத் திருப்பித் தரும்படி நீர் விண்ணப்பிக்கவேண்டும், சொந்தக்காரன் என்பதற்கு ஆதாரமும் காட்டவேண்டும். ஆதாரம் எங்கே இருந்தது? கடையில். இதைவிட நேர்த்தியான பூட்டு எங்கள் கடையில் ஒருநாளும் விற்பனைக்கு இருக்கவில்லை. பொதுச்சொத்து நெருப்பிலிருந்து காப்பாற்றப்பட்டது என்று யாரோ கோப்பில் எழுதியிருப்பார்கள், பதவி உயர்வும் கிடைத்திருக்கும்.

இருபத்தொரு வருஷம் கழித்து, 2004 ஜூலையில், சந்திரிகா குமாரதுங்க அம்மையார் ஜனாதிபதியாக இருந்து மன்னிப்புக் கேட்டார். கேட்காதவர்கள் நடுவில் கேட்டவருக்கு ஒரு கும்பிடு. ஆனால் மன்னிப்பை எந்தப் பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று கணக்கப்பிள்ளைக்கு இன்னும் தெரியவில்லை.

இனி உமது 9ஆம் பக்கத்துக்கு வருகிறேன். ‘தெமட்டகொடை கிட்ட இருப்பதால் புகையிரதத் திணைக்களத்துக்கும் சாமான் கொடுக்கலாம்.’ கொடும். ஆனால் இந்த நாட்டின் தண்டவாளக் கணக்கைப் பார்த்துவிட்டுக் கேள்விப்பத்திரம் போடும். 1864 டிசம்பர் 27ஆந் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு முதல் ரெயில் ஓடியது. மக்கள் சுற்றுலா போவதற்கல்ல, வெள்ளைக்காரத் துரைமாரின் கோப்பிக்கொட்டை மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறங்குவதற்கு. 1867இல் பாதை கண்டியைத் தொட்டது. அந்தக் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் முதுகு கொடுத்த சனத்துக்கு, சுதந்திரம் கிடைத்த வருஷமே, 1948இல், குடியுரிமை இல்லை என்று சட்டம் போட்டார்கள். மூட்டைக்கு ரெயில், மூட்டை தூக்கினவனுக்குக் கப்பல்.

1905இல் பாதை யாழ்ப்பாணம் தாண்டிக் காங்கேசன்துறைக்குப் போனது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அதே வருஷம்தான் தனிச் சிங்களச் சட்டம். கொழும்புக்கு வர வண்டி கொடுத்தார்கள், வந்து இறங்கினவன் விண்ணப்பம் எழுதும் மொழியை எடுத்துவிட்டார்கள். 1990 ஜூனில் வண்டியும் நின்றது. அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் கண்ட மிகப் பெரிய இரும்புக் கொள்முதல். தண்டவாளம் பதுங்குகுழிக்குக் கூரையாகப் போனது, சிலிப்பர்க் கட்டை காவலரணுக்குச் சுவராகப் போனது. புலிகளும் பிடுங்கினார்கள், இராணுவமும் பிடுங்கியது. முப்பது வருஷச் சண்டையில் இரண்டு பகுதியாரும் ஒரே சாமானின் தரத்தில் நம்பிக்கை வைத்த சந்தர்ப்பம் அது ஒன்றுதான். கேள்விப்பத்திரம் இல்லை, விலைப்பட்டியல் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. வெள்ளைக்காரன் போட்ட இரும்பை நாங்கள் பிடுங்கிப் புதைத்தோம், பிறகு இந்தியாவிடம் கடன் வாங்கி, இந்தியாவின் இர்க்கொன் கம்பனியைக் கொண்டு அதே வழியில் திரும்பப் போட்டோம். 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கு ரெயில் வந்தது. மாலை போட்டார்கள், மோளம் அடித்தார்கள். ஒரு பாதைக்கு இரண்டு தரம் காசு கட்டுகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் என்ன ஆயின என்று உமக்குத் தெரியும். வடக்கின் கைத்தொழில் என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியவை அவை. இப்போது பழைய இரும்பு.

எங்கள் ஆட்களை விட்டுவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். நீர் கடை போடப்போகும் அதே ஒருகொடவத்தையில், கொலன்னாவையோடு சேர்த்து, 1995 ஒக்டோபர் 20ஆந் திகதி புலிகள் எண்ணெய்த் தாங்கிகளை எரித்தார்கள். கறுத்த புகை நகரத்தின் மேல் நின்றது. சுவிசிலும் இலண்டனிலும் இருந்தவர்களுக்கு அது வெற்றிச் செய்தி. கொட்டாஞ்சேனை லொட்ஜ் அறைகளில் பிள்ளைகளோடு இருந்த சனத்துக்கு? இரவு கதவு தட்டப்படும் சத்தம், அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, ‘கொழும்புக்கு ஏன் வந்தாய்’ என்ற கேள்வி. நெருப்பு வைத்தவன் ஒருநாளும் வரிசையில் நிற்பதில்லை, மருமகனே. 83இலும் நிற்கவில்லை, 95இலும் நிற்கவில்லை. வரிசை எங்களுக்கென்று செய்த சாமான்.

உமது தமக்கை கனடாவில் ஸ்காபரோவிலிருந்து தொலைபேசியில், “மாமா, அவனைக் கடையும் வேண்டாம் கண்ணியும் வேண்டாம், இஞ்ச வரச் சொல்லுங்கோ” என்று அழுகிறாள். அவள் போன வருஷம் வின்னிபெக் நகரத்தின் பழைய கதைகள் அடங்கிய புத்தகம் ஒன்று அனுப்பினாள். அதில் எங்கள் தொழில்காரன் ஒருவனைக் கண்டேன். ஜேம்ஸ் ஆஷ்டவுன். 1844இல் இலண்டனில் பிறந்தவன். 1868இல் செந்நதிக் குடியிருப்புக்கு வந்து, அடுத்த வருஷம் ஒரு தகரக்காரனின் பட்டறையை வாங்கினான். வாளியும் அடுப்பும் ஆணியும் விற்றான். அந்தச் சமவெளியில் ரெயில் பாதை போட வந்தவர்களுக்குச் சாமான் கொடுத்தான். 1900இல் ஒரு முழு ரெயில் நிறைய ஹாட்வெயார் சாமான் ஏற்றி மேற்கே அனுப்பினான். 1907இல் நகர பிதா ஆனான். எங்கள் தெருவில் ஒருவன் அவ்வளவு வளர்ந்திருந்தால் இடாப்பில் அவன் பெயருக்கு நேரே இரண்டு கோடு போட்டிருப்பார்கள்.

அவனுடைய கடையும் எரிந்தது, 1904இல். பக்கத்துக் கட்டடத்தில் பிடித்த தீ பரவி எரிந்தது. நான் அந்தப் பக்கத்தை மூன்று தரம் வாசித்தேன். தீ, கட்டடம், நட்டம், திரும்பக் கட்டினான், அவ்வளவுதான். அந்த நெருப்புக்கு வாக்காளர் இடாப்புத் தேவைப்படவில்லை. சாம்பல் யாருக்குச் சொந்தம் என்று கேட்டு ஒரு வர்த்தமானியும் வரவில்லை. ஒரு மனிதனுக்கு இப்படியொரு சாதாரண நெருப்புக் கிடைப்பது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று நினைத்து, உண்மையாகவே பொறாமைப்பட்டேன்.

அதற்காகக் கனடாவைக் கோயிலாக்கவேண்டாம். ஆஷ்டவுனை 1869இல் பிடித்து அடைத்துவைத்த லூயி ரியேல், தன் மெத்தீஸ் சனத்தின் நிலத்துக்காக எழும்பியவன். 1885இல் அவனைத் தூக்கிலிட்டார்கள். அதே வருஷம் பசிபிக் ரெயில் பாதை முடிந்தது. அதே வருஷம், பாதை போட வந்த சீனருக்குத் தலைவரி 50 டொலர் போட்டார்கள். வேலை முடிந்தவுடன் வேலைக்காரனை நாட்டுக்கு ஆகாதவன் ஆக்கும் கலையை எங்கள் ஆட்கள் வெள்ளைக்காரனிடம் நன்றாகத்தான் கற்றிருக்கிறார்கள். வின்னிபெக் நகரம் தன் பங்குக்கு ரெயில் கம்பனிக்கு இரண்டு இலட்சம் டொலர், இலவச நிலம், நிரந்தர வரிவிலக்கு எல்லாம் கொடுத்துக் கும்பிட்டது. பெரியவனுக்கு விலக்கு, சின்னவனுக்கு வரி. அது பனியிலும் ஒன்று, வெயிலிலும் ஒன்று.

1986 ஆகஸ்டில் நியூபவுண்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகில் 155 தமிழர் மிதந்தார்கள். மீன்பிடிகாரர் கண்டு ஏற்றினார்கள். அந்த 155 பேரில் கடை எரிந்தவன் எத்தனை பேரோ, நான் கணக்கு எடுக்கவில்லை. ஆனால் கொழும்பில் தெருவுக்கு எறிந்த மூளையும் முதலும் இன்று ஸ்காபரோவில் கடையாகவும் வீடாகவும் கணக்காளராகவும் வரி கட்டுகின்றன. நாங்கள் இங்கே 2022 ஏப்ரலில் வாங்கிய கடனைக் கட்டமுடியாது என்று கையை விரித்துவிட்டு, ‘புலம்பெயர் முதலீட்டாளர்களே வாருங்கள்’ என்று அழைப்பிதழ் அச்சடிக்கிறோம்.

நீர் உடனே ஞானம் முதலாளியைக் காட்டுவீர், எனக்குத் தெரியும். ஏ. வை. எஸ். ஞானம். சென் அன்ரனீஸ் ஹாட்வெயார் என்று இரும்புக்கடையிலிருந்து எழும்பியவர். 1982இல் யப்பான்காரரோடு சேர்ந்து டோக்கியோ சீமெந்தைத் தொடங்கித் திருகோணமலையில் ஆலை போட்டார். அடுத்த வருஷம் அவருடைய நெசவாலை எரிந்தது. மனிதர் ஓடவில்லை, நின்று காட்டினார். இரத்மலானையில் எஸ்-லோன் குழாய் தொழிற்சாலையை எரித்தார்கள், மகாராஜா நிறுவனமும் நின்று காட்டியது, இன்றைக்கும் உமது திட்டத்தின் 6ஆம் பக்கத்தில் நீர் விற்கப்போவது எஸ்-லோன் குழாய்தான். பெருமைதான். ஆனால் விழுந்தவர்களில் இரண்டு பேர் எழும்பினதைக் காட்டி, தள்ளிவிட்டது நல்ல தேகப்பயிற்சி என்று மேடையில் பேசுகிறவனைக் கண்டால் எனக்குக் கை துடிக்கிறது. அவ்வளவு முதல் இல்லாத நூற்றுக்கணக்கான சின்னக் கடைக்காரரும், அவர்களிடம் சம்பளம் வாங்கின சிங்களப் பொடியன்மாரும் எங்கே போனார்கள்? அவர்களுக்கு நினைவுமலர் கிடையாது.

இனி உமது சாமான். சீனாவிலிருந்து கண்டெய்னர் வரும், ஒருகொடவத்தை யார்டில் இறங்கும். சுங்கத் தீர்வை, செஸ், துறைமுக விமானநிலைய வரி, சமூகப் பாதுகாப்பு வரி, அதன் தலையில் 18 வீத வற். வரிக்கு வரி என்பது எங்கள் பெரியவர்களுக்குத் தெரியாத கணக்கு. 2025 ஜனவரியில் சிவப்புக் குறி விழுந்த 323 கண்டெய்னர்களை, நெரிசல் என்று சொல்லி, திறந்து பாராமலே விட்டதும், அது பாராளுமன்றம் வரை நாறியதும் உமக்குத் தெரியும். அதனால் உமக்கும் அப்படி நடக்கும் என்று மனப்பால் குடிக்கவேண்டாம். அந்த 323இல் என்ன இருந்தது என்று நாடு கேட்டுக்கொண்டிருக்கும்போது, உமது கண்டெய்னரைத் திறந்து இரண்டங்குல ஆணியை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். எண்ணி முடியும்வரை தாமதக் கட்டணம் ஏறும்.

வாடிக்கையாளர்? அவர்களை நீர் சரியாகக் கணித்திருக்கிறீர். வெல்லம்பிட்டி, சேதவத்தை, மீதொட்டமுல்ல, எல்லாம் தகரமும் பலகையும் ஆணியும் அடிக்கடி வாங்கும் சனம். களனி கங்கை பெருகினால் முதலில் நனைவது அவர்கள், 2016 மே மாதம் கூரைவரை நனைந்தார்கள். மீதொட்டமுல்லையில் கொழும்பின் குப்பையை மலையாகக் குவித்தார்கள். ஊர்ச்சனம் தெருவில் இறங்கிக் கத்தியது, அடி வாங்கியது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டுப் பலகாரம் மேசையில் இருக்கும்போது, மலை சரிந்து 32 பேரை மூடியது. பெரும்பாலும் சிங்களச் சனம். அங்கே இடாப்பும் பெற்றோலும் வேண்டியிருக்கவில்லை, ஏழை என்பதே போதுமாக இருந்தது. ஆகவே உமது கடையில் தகரத்தை முன்பக்கம் அடுக்கும். அரசாங்கம் இருக்கும்வரை தகரம் விற்கும்.

பெயர்ப்பலகையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர். முருகன் பெயர் வைக்கட்டா, ‘லங்கா’ என்று வைக்கட்டா? 83க்குப் பிறகு எங்கள் ஆட்கள் பலர் பலகையை மாற்றினார்கள். லங்கா, சிலோன், யுனைற்றட், நஷனல் என்றெல்லாம் வைத்தார்கள். இந்த நாட்டில் ‘நஷனல்’ என்று பலகை போட்ட கடையைக் கண்டால் உள்ளே எட்டிப்பாரும், அநேகமாகப் பயந்த ஒரு தமிழனோ முஸ்லிமோ இருப்பான். எங்களுக்குப் பக்கத்துக் கடைக்காரர் ஒரு காக்கா, 83இல் என் பிள்ளைகளை மூன்று நாள் தன் வீட்டு அறையில் ஒளித்துவைத்தவர். 2018இல் திகனையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்த கிழமை, அவருடைய மகன் என்னிடம் வந்து, “ஐயா, பலகையை மாத்தவா?” என்று கேட்டான். முப்பத்தைந்து வருஷ அனுபவம் உள்ளவன் என்ற முறையில் என்னிடம் ஆலோசனை கேட்டிருக்கிறான். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வேறு என்ன சொல்ல?

நீர் கடையைப் போடுவீர். நான் சொல்லி நிற்கிற ஆள் இல்லை நீர், உம்முடைய பாட்டனும் அப்படித்தான். திறப்பு விழாவுக்கு அமைச்சர் யாரையும் கூப்பிடவேண்டாம். கடன் கொப்பியை இரண்டு பிரதி எழுதும், ஒன்றை வீட்டில் வையும். கலவரக் கட்டணத்தையும் கட்டும், வேறு வழியில்லை.

ஒரு வேலை மட்டும் எனக்காகச் செய்யவேண்டும். அந்த அரை அந்தர்க் கல்லைச் சொன்னேனே, 25ஆந் திகதி அதை ஒருவன் தோளில் தூக்கிக்கொண்டு போனதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். அரசாங்க முத்திரை வெளிப்பக்கம் தெரிந்தது. வார்ப்பிரும்பு லேசில் அழியாது. ஒருகொடவத்தையிலும் சேதவத்தையிலும் பழைய இரும்புக்காரர் நிறைய இருக்கிறார்கள். சாமான் எடுக்கப் போகும்போது கண்ணை வையும். முத்திரைக்குக் கீழே ‘மு’ என்று கொத்தியிருக்கும். கண்டால் நிறுத்துப் பார்த்து, கிலோ விலைக்கு வாங்கிக்கொண்டு வாரும். பேரம் பேசவேண்டாம்.

இப்படிக்கு,
மாமா,
கொட்டாஞ்சேனை.